ஐஸை எடுத்த பிறகு

ஐஸ் டிரேயை இரண்டு பக்கமும் பிடித்து முறுக்கி, ஒரு கட்டியை ஈரக் கையால் எடுத்துப் பாருங்கள். விரலில் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் சட்டென்று விழாது. அதே கட்டியைக் குழாயடியில் நான்கைந்து விநாடி காட்டிவிட்டுத் தொட்டால் வழுக்கிக்கொண்டு ஓடும். மேலே படிந்திருந்த வெள்ளைப் பூப்பு போய், கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். ஐஸ் ஒன்றுதான். ஆனால் முகத்தில் வைக்கும்போது இந்த இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

வீட்டு ஃப்ரீஸருக்குள் குளிர் பொதுவாக மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். உள்ளே இருக்கும் ஐஸும் அதே குளிரில்தான் இருக்கும். அதனால்தான் விரலின் ஈரம் தொட்ட நொடியில் உறைந்து பசையாகிவிடுகிறது. தண்ணீர் பட்டு மேற்பரப்பு உருகத் தொடங்கிவிட்டால் கதை மாறுகிறது. உருகிக்கொண்டிருக்கும் ஐஸின் மேற்பரப்பு பூஜ்ய டிகிரியை விட்டு அசையாது. நம் தோல் உறைய வேண்டுமானால் பூஜ்யத்துக்கும் கீழே இன்னும் அரை டிகிரி இறங்க வேண்டும். அந்த அரை டிகிரிதான் பாதுகாப்பு. உருகும் ஐஸால் தோலை உறைய வைக்க முடியாது. டிரேயிலிருந்து நேராக வந்த ஐஸால் முடியும்.

இதை நான் என் அக்கா மகளிடமிருந்து கற்றுக்கொண்டேன். தோழியின் கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், ஃப்ரீஸரிலிருந்து எடுத்த கட்டியைக் கன்னத்தில் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். எடுத்தபோது ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு வெளுத்து, மெழுகு தடவியது போல ஒரு வட்டம். “சித்தி, தொட்டா ஒண்ணுமே தெரியல. இது தழும்பாயிடுமா?” என்று பயந்துபோய் வந்து நின்றாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல் வைத்து வைத்து எடுத்தோம். பதினைந்து நிமிடத்தில் நிறம் திரும்பியது. ஆனால் லேசான பழுப்பு நிழல் ஒன்று அங்கே சில வாரம் தங்கிவிட்டது. ஐஸ் கன்னத்தில் இருந்தது இரண்டு மூன்று நிமிடம்தான். அதற்குக் கன்னம் பதில் சொல்லி முடிக்க வாரக்கணக்கில் ஆனது. எங்கு பார்த்தாலும் ஐஸ் வைப்பது எப்படி என்றே சொல்கிறார்கள். எடுத்த பிறகு தோலுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இதைவிட அதிசயமான கதை.

முதலில் வெப்பக் கணக்கு. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வெப்பம் போதும். ஒரு கிராம் ஐஸை உருக்குவதற்கு மட்டும் 80 கலோரி வேண்டும். பள்ளியில் ‘உள்ளுறை வெப்பம்’ என்று படித்தது இதைத்தான். பொருளின் வெப்பநிலையை மாற்றாமல், அதன் நிலையை மட்டும் மாற்றுவதற்குச் செலவாகும் வெப்பம். சுமார் 20 கிராம் எடையுள்ள ஒரு கட்டி முழுவதும் உருக 6,700 ஜூல் ஆகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் மொத்த உடலும் ஒரு நிமிடத்தில் உண்டாக்கும் வெப்பம் ஏறக்குறைய அவ்வளவுதான். உள்ளங்கை அளவு கூட இல்லாத கன்னத்திடம் போய் அதைக் கேட்கிறோம். கையும் காற்றும் கொஞ்சம் பங்கு கொடுத்தாலும் பெரும்பங்கு கன்னத்தின் தலையில்தான் விழுகிறது.

குளிர் பட்டதை முதலில் அறிவது நரம்பு முனைகளில் இருக்கும் ஒரு புரதம். அதன் பெயர் டிஆர்பிஎம்8. தோல் சுமார் 26 டிகிரிக்குக் கீழே இறங்கினால் திறந்துகொள்ளும் நுண்ணிய கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் மின்னூட்டம் கொண்ட அணுக்கள் உள்ளே பாய்ந்து, ‘குளிர்’ என்ற செய்தி மூளைக்குப் போகிறது. வேடிக்கை என்னவென்றால், இதே கதவைப் புதினாவில் இருக்கும் மென்தாலும் திறக்கும். வெந்நீரில் கரைத்துக் குடித்தாலும் புதினா ‘ஜில்’லென்று இருப்பது அதனால்தான். டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் ஆகிய இருவரின் ஆய்வுக் குழுக்களும் 2002-ல் இதைத் தனித்தனியே கண்டுபிடித்தன. தோல் எப்படி வெப்பத்தையும் தொடுதலையும் உணர்கிறது என்று காட்டியதற்காக 2021-ன் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்து கிடைத்தது.

அடுத்து மரத்துப்போதல். தொடுவுணர்வைத் தாங்கிச் செல்லும் நரம்புகளில் செய்தி விநாடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மணிக்கு என்று சொன்னால் 180 கிலோமீட்டர். நரம்பு ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் அந்த வேகத்தில் சுமார் இரண்டு மீட்டர் குறையும். இன்னும் குளிர்ந்தால் செய்தியே கிளம்பாது. ஆனால் எல்லா நரம்பும் ஒரே மாதிரி அடங்கிவிடுவதில்லை. வலியைச் சொல்லும் நரம்பு முனைகளில் என்ஏவி1.8 என்று ஒரு தனி வகை சோடியம் வாயில் இருக்கிறது. மற்ற வாயில்களெல்லாம் குளிரில் முடங்கிப்போக, இது மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும் என்று 2007-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். தெருவில் எல்லா விளக்கும் அணைந்தாலும் ஆஸ்பத்திரி விளக்கு எரிவது போல. எனவே ஐஸ் சுரீரென்று வலித்தால் அது கடைசிக் காவலாளியின் குரல். அந்த வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதில் எந்த அழகும் கூடப்போவதில்லை. உடனே எடுத்துவிட வேண்டும்.

நரம்புக்குப் பிறகு ரத்தக் குழாய்களின் முறை. தோலின் நுண்ணிய தமனிகளைச் சுற்றி வளையம் போலத் தசை இருக்கிறது. அந்தத் தசைச் செல்களில் ‘ஆல்ஃபா-2சி’ என்று ஓர் ஏற்பி, அதாவது நரம்பின் கட்டளையைக் கேட்கும் காது, உண்டு. உடல் வெதுவெதுப்பாக இருக்கும்போது அந்தக் காது செல்லுக்கு வெளியே இருக்காது. உள்ளே பதுங்கிக் கிடக்கும். குளிர்ந்த சில நிமிடங்களில் உள்ளிருந்து புறப்பட்டு மேற்பரப்புக்கு வந்து நிற்கும். அதுவரை காதில் விழாத ‘சுருங்கு’ என்ற கட்டளை இப்போது உரக்கக் கேட்கிறது. குழாய் இறுகுகிறது, முகம் வெளுக்கிறது. காலையில் கண்ணுக்குக் கீழே தங்கிய உப்பல் ஐஸ் வைத்ததும் குறைவதன் காரணம் இதுதான்: குழாயிலிருந்து திசுவுக்குள் கசியும் நீர் குறைகிறது. உண்மையான பலன்தான், ஆனால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும்.

ஐஸ் வைத்தால் முகத்தின் துளைகள் மூடிக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். துளையைத் திறந்து மூட அங்கே தசை எதுவும் கிடையாது. முடியைச் சிலிர்க்க வைக்கும் ஒரு சின்னத் தசை உண்டு. அதற்குத் துளையின் வாயைச் சுருக்கத் தெரியாது. குளிரில் தோல் சற்று இறுகுகிறது, முகத்து எண்ணெய் கெட்டிப்படுகிறது. கண்ணாடியில் துளை சிறிதாகத் தெரிவதற்கு அதுவே போதும். அரை மணியில் பழையபடி ஆகிவிடும்.

இப்போது ஐஸை எடுத்துவிடுகிறோம். இங்கிருந்துதான் முகத்தின் சொந்த வேலை தொடங்குகிறது.

இறுகிய குழாய்கள் தளரும்போது ரத்தம் முன்பைவிட அதிகமாகப் பாய்ந்து வருகிறது. வெள்ளைத் தோல் சிவப்பதைக் கண்ணால் பார்க்கலாம். நம் மாநிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. புறங்கையைக் கன்னத்தில் வைத்தால் கதகதப்பு தெரியும். ஐஸை எடுக்காமல் ஐந்து பத்து நிமிடம் வைத்திருந்தால்கூட உடல் தானே குழாய்களைத் திறந்துவிடும். கொஞ்சம் சூடேற்றி, மறுபடி இறுக்கி, மறுபடி திறந்து என்று மாறி மாறி நடக்கும். திசு குளிரில் செத்துவிடாமல் காக்கும் இந்த ஏற்பாட்டை 1930-ல் பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் விரல்களில் கண்டறிந்து, ‘வேட்டை எதிர்வினை’ என்று பெயர் வைத்தார். மூக்கிலும் கன்னத்திலும் காதிலும் இது உண்டு.

சிலருக்கு இந்தத் திரும்பும் கட்டத்தில்தான் சிக்கல் வருகிறது. குளிர் பட்ட இடம் சூடேறும்போது தோலின் காவல் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். அங்கே தடித்துத் தடித்து அரிக்கும். காணாக்கடியில் இது ஒரு வகை, குளிரால் வருவது. இதைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் செய்யும் சோதனையே ஐஸ்தான். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கட்டியை முன்கையில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஐஸ் இருக்கும்போது ஒன்றும் தெரியாது, தோல் வெதுவெதுப்பாகும்போது அதே சதுரத்தில் தடிப்பு எழும்பும். ஐஸ் வைத்த பின் முகம் இப்படித் தடித்தால் அழகுக் குறிப்புகளை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்த உடல்வாகு உள்ளவர்கள் குளிர்ந்த தண்ணீரில் குதித்து நீந்தினால் மொத்த உடம்பும் ஒரே நேரத்தில் ஹிஸ்டமினைக் கொட்டி மயக்கம் வரலாம்.

மற்றவர்கள் முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. தோல் மரத்துக் கிடக்கிறது. துண்டால் அழுத்தித் தேய்த்தால் எவ்வளவு உரசல் என்று தோலுக்கே தெரியாது. அதனால் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துண்டால் ஒத்தி எடுக்க வேண்டும், அதுவும் முழுக்கக் காயும்வரை அல்ல. உடனே வெந்நீரில் கழுவக் கூடாது. மரத்த தோல் சூட்டையும் சரியாக அளக்காது, சுட்ட பிறகுதான் சொல்லும். ஸ்க்ரப், அமிலச் சீரம், பருவுக்கான ரெட்டினாய்டு கிரீம் எதுவானாலும் அன்றைக்குக் காத்திருக்கட்டும்.

ஏன் இத்தனை மென்மை? நாம் பாதுகாக்கப் பார்க்கும் சுவர் அவ்வளவு மெல்லியது. தோலின் ஆக வெளியே இருக்கும் ‘கொம்புப் படலம்’, அதாவது உயிர் நீத்துத் தட்டையாகிப்போன செல்களின் அடுக்கு, 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் பருமனில் கால் பங்கு. முகத்தில் அந்த அடுக்குகள் இன்னும் குறைவு. உடலின் தண்ணீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பது இந்தப் படலமே. தட்டைச் செல்கள் செங்கல். அவற்றுக்கு இடையே பூசிய கலவை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலம் என்ற மூன்று கொழுப்புகள். ரத்தப் பரிசோதனைத் தாளில் நம்மைப் பயமுறுத்தும் அதே கொலஸ்ட்ரால் இங்கே சுவருக்குச் சாந்து. ஐஸ் கட்டியின் கூர் முனை உரசினாலும், முகத்தை நனைத்து நனைத்துக் காயவிட்டாலும் இந்தச் சாந்தில் விரிசல் விழும்.

விரிசல் விழுந்ததும் கீழே இருக்கும் உயிருள்ள செல்கள் சும்மா இருப்பதில்லை. கொழுப்பை முன்கூட்டியே உருட்டிச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கின்றன. சில நிமிடங்களிலேயே பொட்டலங்களைப் பிரித்துச் சந்துகளில் கொட்டிவிட்டு, புதிதாகத் தயாரிக்கவும் தொடங்கிவிடும். விரிசல் விழுந்ததென்று அவற்றுக்கு யார் சொன்னது? வெளியேறும் தண்ணீர்தான். சுவர் கெட்ட தோலை ஈரம் ஊடுருவாத ரப்பர் உறையால் இறுக மூடினால் பழுதுபார்க்கும் வேலை மந்தமாகிவிடுகிறது என்று சோதனையில் பார்த்திருக்கிறார்கள். கசிவு நின்றதும், வேலை முடிந்தது என்று செல்கள் நினைத்துக்கொள்கின்றன! இன்னொரு வியப்பு: ஜப்பானில் மிட்சுஹிரோ டெண்டாவும் அவருடன் இருந்தவர்களும் செய்த சோதனைகளில், குறுகிய நேரக் குளிர்ச்சி இந்தப் பழுதுவேலையை வேகப்படுத்தியது. தோல் தொடர்ந்து 34 டிகிரியில் இருந்தபோது வேலை தாமதமானது. 36 முதல் 40 டிகிரிக்குள் வேகம் பிடித்தது. 42-ல் மறுபடி தாமதம். குளிர் தொட்டுவிட்டுப் போக வேண்டும், குடியிருக்கக் கூடாது. ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்தி, ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட்டு, பிறகு முகத்தைத் தன் சூட்டுக்குத் திரும்ப விடுவது இதனால்தான் சரி.

அந்த நேரத்தில் தடவும் மாய்ஸ்சரைசர் என்ன செய்கிறது? அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும். அது தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பொருள். தோல் இன்னும் லேசாக ஈரமாக இருக்கும்போதே தடவினால் இழுப்பதற்குத் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தோலின் அடி அடுக்குச் செல்களில் ‘அக்வாபோரின்-3’ என்று நுண்ணிய நீர்வாயில் உண்டு. தண்ணீரோடு கிளிசரினையும் உள்ளே விடும் அபூர்வமான வாயில் அது. அந்த வாயில் இல்லாமல் பிறந்த ஆய்வக எலிகளின் தோல் வறண்டு கிடந்தது. கிளிசரின் கொடுத்ததும் தேறியது. தண்ணீர் செல்லுக்குள் எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு இந்த வாயில் குடும்பத்தைக் காட்டிய பீட்டர் ஆக்ரிக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. மருந்துக் கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் அந்தச் சின்னப் பாட்டிலுக்குள் இவ்வளவு இருக்கிறது.

வாஸலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லி வேறு விதம். அது தோலுக்கு மேல் கூரை போடுவதோடு செங்கற்களுக்கு இடையிலும் புகுந்து நிற்கும். ரப்பர் உறையைப் போலப் பழுதுவேலையை நிறுத்துவதில்லை. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயும் வறண்ட தோலுக்கு நல்லதுதான். ஆனால் பரு வரும் முகத்தில் துளையை அடைக்கும். பரு வருகிறவர்கள் செராமைடு கலந்த லேசான மாய்ஸ்சரைசரோடு நிறுத்திக்கொள்வது மேல்.

ஒரு பழக்கத்தை மட்டும் கண்டிப்பாக விட்டுவிடச் சொல்வேன். எலுமிச்சைச் சாற்றை உறையவைத்துத் தேய்ப்பது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஎச் அளவு சுமார் 5. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. மூன்று படி என்றால் ஆயிரம் மடங்கு. போதாததற்கு எலுமிச்சை வகைப் பழங்களில், குறிப்பாகத் தோலில், வெயில் பட்டதும் விழித்துக்கொள்ளும் ஃபியூரோகூமரின் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. சாறு வழிந்த தடத்திலேயே கொப்புளம் வந்து, பிறகு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். காலையில் தேய்த்துவிட்டுப் பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்கு இது நேரலாம்.

வெயில் நம் தோலுக்குத் தனிக் கவலை. நிறமி உண்டாக்கும் செல்கள் சீண்டப்பட்டால் மெலனினை அள்ளி இறைக்கும்; என் அக்கா மகளின் கன்னத்தில் தங்கிய பழுப்பு அதுதான். வெயில் அதை இன்னும் ஆழமாக்கும். அதே செல்கள் உறைநிலையில் மற்றத் தோல் செல்களுக்கு முன்பே செத்தும் போகும். மைனஸ் 4 முதல் 7 டிகிரியே அவற்றுக்கு எமன். திரவ நைட்ரஜனால் மருவை உறையவைத்து எடுத்த இடத்தில் மாநிறத்தவருக்கு வெள்ளைப் புள்ளி விழுவது இதனால்தான். ஐஸ் வைத்த நாளில் வெளியே போவதாக இருந்தால், முகம் தன் சூட்டுக்கு வந்து மாய்ஸ்சரைசர் உள்வாங்கிய பின், கிளம்புவதற்குக் கால் மணி முன்னால் சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐஸுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய துணி இருந்துவிட்டால் தோல் உறையும் கவலையில் பாதி குறையும். துணி இழைகளுக்குள் சிறைப்பட்ட காற்று வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். 1833-ல் பாஸ்டன் நகரிலிருந்து கப்பலேறிய 180 டன் ஐஸ், நான்கு மாதம் வெப்பக் கடலில் மிதந்து வந்தும் சுமார் 100 டன் மிச்சத்தோடு கல்கத்தாவில் இறங்கியது இதே உபாயத்தால்தான். அங்கே காற்றைச் சிறைப்பிடித்தது ஐஸைச் சுற்றிப் பொதிந்த அடைப்பு. சென்னைக்கு வந்த ஐஸைச் சேமிக்க 1842-ல் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. வெளியிலிருந்த சூடு ஐஸைத் தொடாமல் கப்பலில் அந்த அடைப்பு தடுத்தது. நம் கைக்குட்டை ஐஸின் குளிர் கன்னத்தைத் தாக்காமல் தடுக்கிறது.

கிண்ணம் நிறைய ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முகத்தின் முக்கிளை நரம்பு குளிர்ந்த நீரை உணர்ந்து, மூச்சும் அடங்கினால், இதயத் துடிப்பு தானாகக் குறையும். நீருக்குள் மூழ்கும் சீல்களிடம் இருக்கும் அதே அனிச்சைச் செயல் இது. கட்டுமீறி வேகமாக ஓடும் ஒரு வகை இதயத் துடிப்பை அடக்க மருத்துவர்கள் இதையே பயன்படுத்துவதும் உண்டு. இதய நோய் உள்ளவர்கள் விளையாட்டுக்குக்கூட இதைச் செய்ய வேண்டாம்.

கடைசியாகக் குழந்தைகள். 1970-ல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர் ஒரு விசித்திரத்தைப் பதிவுசெய்தார்கள். குச்சி ஐஸ் சப்பிய குழந்தையின் கன்னத்தில் சிவந்து, கெட்டியாகி, கழலை போல ஒரு வீக்கம். காரணம் தோலில் இல்லை, அதற்குக் கீழே இருக்கும் கொழுப்பில். பச்சிளங் குழந்தைகளின் கொழுப்பில் நிறைவுற்ற வகை அதிகம். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறையும்போது நல்லெண்ணெய் உறையாமல் இருக்கிறதே, அதே வித்தியாசம்தான். பெரியவர்களின் கொழுப்பு தாங்கும் குளிரில் குழந்தையின் கொழுப்பு உறைந்து அழற்சி கொள்கிறது. வீக்கம் ஐஸ் பட்ட அன்றைக்கு வராது; ஒன்று முதல் மூன்று நாள் கழித்து, ஐஸை எல்லோரும் மறந்த பிறகு வரும். சில வாரத்தில் தானாகவே கரைந்துவிடும். ஆனால் பார்த்தால் கிருமித்தொற்று போலவே இருக்கும். பிஞ்சுக் கன்னத்தில் ஐஸ் வைக்காதீர்கள். கன்னம் வீங்கிய குழந்தையை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடும்போது, இரண்டு நாளுக்கு முன் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.